துலுக்கச் சாமந்தி: பெயரும் பிறப்பும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் செம்பரம்பாக்கம் வரும். தெற்கே 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட ஏரி. மேற்கே ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அவற்றின் தொழிற்சாலைகளும். கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் இப்பகுதியின் வயல்கள் பல வீட்டு மனைகளாகிவிட்டன. மனைகள் வீடுகளான பின்னர், வீட்டின் முன் எஞ்சும் சிறு நிலத்தில் ஏதேனும் பூச்செடி வைக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் எழுகிறது. அந்த ஆசையை நம்பிச் சாலையோரங்களில் செடி விற்பனை நிலையங்கள் பெருகியுள்ளன.

அத்தகைய நிலையம் ஒன்றுக்கு எம் பழைய மாணவர் ஒருவருடன் செல்ல நேர்ந்தது. அவர் ஒரகடத்தில் ஒரு கார்த் தொழிற்சாலையில் பணியாற்றுகிறார். அண்மையில்தான் செம்பரம்பாக்கத்தில் வீடு கட்டிக் குடியேறியிருந்தார். அவருடைய தேவை இரண்டு. ஒரு முறை நட்டால் ஆண்டுதோறும் பூக்கும் செடியாக இருக்க வேண்டும். அத்தெருவில் வேறு எவர் வீட்டிலும் இல்லாததாகவும் இருக்க வேண்டும். விற்பவர் பலவற்றைக் காட்டிவிட்டு, மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பூத்திருந்த வரிசையைச் சுட்டி, "பாய், இதையும் ரெண்டு எடுத்துக்குங்க. துலுக்கச் சாமந்தி. உங்க ஆளுங்க பூதான்" என்று சிரித்தார். அவர் சொல்லில் வன்மம் எதுவும் இல்லை. ஆயினும் கையிலெடுத்த செடியை மாணவர் திரும்ப வைத்துவிட்டார். திரும்பும் வழியில் நெடுநேரம் பேசாமல் வந்தவர், "ஹஸ்ரத், அந்தப் பூ நம்மோடு வந்ததா? பூவுக்குக்கூட வந்தேறி என்றுதான் பெயரா?" என்று கேட்டார்.

அவ்வேளையில் எம்மிடம் விடை ஆயத்தமாக இல்லை. பின்னர் நூல்களைப் புரட்டியபோது, வீட்டுத் தோட்டத்துக்குச் செடி தேர்வது என்னும் சிறிய காரியத்துக்குள் பெரியதொரு வரலாறு அடங்கியிருப்பது புலனாயிற்று. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் தரும் சாட்சியம்

துலுக்கச் சாமந்தியின் தாயகம் துருக்கியன்று, அரபு நாடுமன்று, ஈரானுமன்று. அது மெக்சிகோவைச் சேர்ந்தது. அந்நிலத்தை ஆண்ட அஸ்தெக் மக்கள் அதனைச் சடங்குகளிலும் மருத்துவத்திலும் பயன்படுத்தினர். அவர்தம் மொழியில் அதற்கு 'இருபது பூ' என்று பொருள்படும் பெயர் வழங்கிற்று. 1492ஆம் ஆண்டுக்குப் பின்னர் கடல்வழி திறந்து, அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் ஸ்பானியர், போர்ச்சுகீசியர் கலங்களில் உலகெங்கும் பரவிய காலத்தில்தான் இச்செடி கீழ்த்திசையை அடைந்தது. தமிழ் முஸ்லிம்களோ அதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே இக்கடற்கரையில் வாழ்ந்து வந்தவர்கள். ஆகவே அப்பூ நம்மோடு வரவில்லை. நாம் இங்கிருக்கையில்தான் அது வந்தது.

பின் ஏன் அப்பெயர்? துருக்கர் என்ற சொல்லே தமிழில் துலுக்கர் எனத் திரிந்தது. முதலில் அரசாள வந்த துருக்கிய மரபினரைக் குறித்த அச்சொல், நாளடைவில் முஸ்லிம்கள் அனைவரையும் குறிக்கலாயிற்று. அயலிலிருந்து வந்த பொருளுக்கு ஏதேனும் ஓர் அயலாரின் பெயரைச் சூட்டுவது எல்லா மொழிகளுக்கும் உள்ள வழக்கம். இதே மெக்சிகோப் பூவின் ஓரினத்தை ஐரோப்பியர் ஆப்பிரிக்கச் சாமந்தி என்றனர். மற்றோரினத்தைப் பிரெஞ்சுச் சாமந்தி என்றனர். இரண்டும் ஆப்பிரிக்காவிலோ பிரான்சிலோ தோன்றியவை அல்ல.

அரபு மொழியும் இவ்வழக்கத்துக்கு விலக்கன்று. புளியை அரபியர் 'தம்ர் ஹிந்தீ', அதாவது இந்தியப் பேரீச்சை என்றனர். ஆங்கிலத்தில் வழங்கும் டாமரிண்ட் என்ற சொல் அதன் திரிபே. ஆனால் புளிய மரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்பது தாவரவியலார் முடிபு. அரபியர் அதனை இந்திய வணிகரிடமிருந்து பெற்றமையால் இந்தியாவின் பெயரை இட்டனர். வான்கோழியின் கதை இதனினும் சுவையானது. அமெரிக்கப் பறவையான அதனை ஆங்கிலேயர் துருக்கியின் பெயரால் டர்க்கி என்றனர். துருக்கியரோ இந்தியாவின் பெயரால் ஹிந்தி என்றனர். அரபியர் 'தீக் ரூமீ', ரோமானியச் சேவல் என்றனர். ஒவ்வொருவரும் பழியை அடுத்தவர் மீது போட்டுவிட்டனர் போலும்.

நம் தோட்டங்களிலேயே இன்னும் சான்றுகள் உள்ளன. ஈழத்தலரி என்று நாம் அழைக்கும் மணமிக்க பூமரம் ஈழத்தில் தோன்றியதன்று; நடு அமெரிக்காவையும் கரீபியத் தீவுகளையும் சேர்ந்தது. கல்வாழைக்குச் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் 'இந்திய' என்னும் அடைமொழி கொண்ட பெயரைச் சூட்டினார். அதுவும் அமெரிக்கச் செடியே.

இவற்றால் பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. ஒரு செடியின் பெயர், அதனை யார் கையிலிருந்து பெற்றோம் என்று மக்கள் நம்பினார்கள் என்பதைக் காட்டும். சில வேளைகளில் 'இது அயலது' என்பதை மட்டுமே காட்டும். பிறப்புக்கு அது சாட்சியாகாது.

முஅம்மரும் ஹவ்லீயும்

மாணவர் கேட்டது ஆண்டுதோறும் பூக்கும் செடி. ஓராண்டுக்குள் முளைத்துப் பூத்து விதையீன்று மடியும் செடியை அரபியில் 'ஹவ்லீ' என்பர். 'ஹவ்ல்' என்றால் ஓராண்டு. பல்லாண்டு வாழ்வதை 'முஅம்மர்' என்பர். 'உம்ர்' எனும் ஆயுளைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது அது. தமிழில் இவற்றை ஓராண்டுச் செடி, பல்லாண்டுச் செடி எனலாம். துலுக்கச் சாமந்தி ஹவ்லீ வகை. ஆகவே விற்பவர் காட்டிய செடி மாணவரின் முதல் தேவைக்கே பொருந்தாது. அதனை அவர் மறுத்திருக்க வேண்டிய காரணம் அதுவே, பெயரன்று.

நம் வீடுகளில் நெடுங்காலமாக வேரூன்றிவிட்ட பல்லாண்டுச் செடிகளை எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடும். நிக்காஹ் மாலைகளில் மணக்கும் நிலச்சம்பங்கியை நாம் எவரும் அயல்பூ என்று கருதுவதில்லை. அதுவும் மெக்சிகோவிலிருந்து வந்ததே. மண்ணுக்கடியில் கிழங்காக உறங்கி, மீண்டும் தளிர்த்து, இரவில் மணம் பரப்பும் அதனை உருது மொழியினர் 'குலே ஷப்போ' என்றனர். மாலை நேரத்தில் மலரும் அந்தி மந்தாரை அமெரிக்கக் கண்டத்தினது. அரபியில் அதற்கு 'ஷப்புல் லைல்' என்றும் உருதுவில் 'குலே அப்பாஸ்' என்றும் பெயர்கள் அமைந்தன. இப்பெயர்களைக் கேட்போர் பாக்தாத் நகரத்துப் பூ என்றே எண்ணக்கூடும்.

நித்தியகல்யாணியின் வரலாறு இன்னும் சிந்தனைக்குரியது. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த இச்செடி, எவரும் நீர் வார்க்காமலே கபுருஸ்தான்களிலும் இடுகாடுகளிலும் தழைத்ததால் சுடுகாட்டு மல்லி என்ற பெயரையும் பெற்றது. நாள்தோறும் பூப்பதால் நித்தியகல்யாணி என்ற மங்கலப் பெயரும் அதற்கே. வீட்டில் வைக்கலாகாது என்று ஒதுக்கியவர்களும் உண்டு. 1950களின் இறுதியில் கனடா நாட்டு ஆய்வாளர்கள் அதன் இலைகளிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதனையும் அதே செடியிலிருந்து அடுத்துக் கண்டறியப்பட்ட மற்றொன்றையும் கொண்டு புற்றுநோய் மருத்துவம் புதிய பாதையில் சென்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றளவும் அவ்விரண்டாவது மருந்து பயன்பட்டு வருகிறது. மரணத்தின் பெயரால் அழைக்கப்பட்ட செடி, எத்தனையோ இல்லங்களுக்கு உயிரை மீட்டுத் தந்திருக்கிறது. பெயரை வைத்து ஒதுக்கியிருந்தால் இழப்பு யாருக்கு?

அந்தலூஸ் தந்த நெறி

அயல்செடியை ஏற்பதா மறுப்பதா என்ற வினாவை முஸ்லிம் உலகம் வெகு காலத்துக்கு முன்பே எதிர்கொண்டது. கி.பி. 756இல் அந்தலூஸில் ஆட்சியை நிறுவிய முதலாம் அப்துர் ரஹ்மான், சிரியாவில் தம் பாட்டனார் ஹிஷாம் வாழ்ந்த ருஸாஃபாவின் நினைவாகக் குர்துபா நகருக்கு அருகே அதே பெயரில் தோட்டமொன்றை அமைத்தார். தாயகத்தை இழந்து வந்த அவர், அங்கு நின்ற பேரீச்ச மரத்தைத் தம்மைப் போன்ற பரதேசியாகக் கண்டு பாடியது இலக்கிய வரலாற்றில் புகழ்பெற்றது. சிரியாவிலிருந்து வந்த மாதுளைகளை அவர் அவையோருக்குக் காட்டியபோது, ஸஃபர் என்பவர் சிலவற்றைப் பெற்றுச் சென்று தம் ஊரில் விதைத்துப் பேணிக் காய்க்கச் செய்தார். அவ்வின மாதுளைக்கு 'ஸஃபரீ' என்ற பெயர் நிலைத்தது. இங்கு செடியின் பெயர் அது வந்த நாட்டைக் குறிக்காமல், அதனை வளர்த்தவரைக் குறிப்பது கவனிக்கத்தக்கது.

பதினோராம் நூற்றாண்டில் துலைதுலா நகரை ஆண்ட அல்மஃமூனின் தோட்டங்களைப் பேணியவர் இப்னு பஸ்ஸால் எனும் வேளாண் அறிஞர். ஹஜ்ஜுப் பயணத்தின்போது ஸிஸிலி, எகிப்து முதலான நாடுகளைக் கண்டு வந்தவர். 1085இல் துலைதுலா வீழ்ந்த பின்னர் இஷ்பீலிய்யாவுக்குப் பெயர்ந்து, அங்கு அல்முஃதமிதுக்காகத் தோட்டம் அமைத்தார். அவருடைய நூல் மண்ணைப் பத்து வகைகளாகப் பிரித்து, எம்மண்ணில் எச்செடி தழைக்கும் என்று ஆராய்கிறது. செடி எந்நாட்டினது என்பதற்கு முன் அவர் எழுப்பிய கேள்வி, இம்மண் அதற்கு ஏற்றதா என்பதே.

அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே இஷ்பீலிய்யாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், ஏறத்தாழ 585 தாவரங்களைப் பற்றிக் 'கிதாபுல் ஃபிலாஹா' எனும் பெருநூலை யாத்தார். முன்னோர் கூற்றுகளைத் தொகுத்த அவர், தம் கூற்றாக எதனையும் பலமுறை சோதித்துப் பாராமல் எழுதவில்லை என்று முன்னுரையில் அறிவிக்கிறார். ஸ்பெயின் நாட்டார் இந்நூலை 1802இல் தம் மொழியில் பெயர்த்து மத்ரீதில் அச்சிட்டனர். எழுதப்பட்டு அறுநூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் உழவர்க்கு அது பயன்படும் என்று கருதப்பட்டமையே அம்முயற்சிக்குக் காரணம்.

இந்நெறியின் மற்றொரு முகத்தை இந்திய மண்ணில் பாபரிடம் காண்கிறோம். 1526இல் இந்நாட்டுக்கு வந்த அவர், இங்குள்ள வெப்பத்தையும் புழுதியையும் குறைகூறியவர். காபூலின் தோட்டங்களுக்காக ஏங்கியவர். எனினும் பூக்களைப் பற்றி எழுதுகையில் அவருடைய குரல் மாறுகிறது. செம்பரத்தை, அரளி, தாழை, மல்லிகை ஆகியவற்றை அவர் தம் நினைவுக் குறிப்புகளில் விரித்துரைக்கிறார். செம்பரத்தையின் நிறத்தை வியந்து, அது ஒரு நாளிலேயே வாடிவிடுவதையும் பதிவு செய்கிறார். 1528இல் குவாலியர் சென்றபோது அங்கொரு தோட்டத்தில் அரிய செந்நிற அரளியைக் கண்டு, சில செடிகளை ஆக்ராவில் தம் தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். வந்தவர் தம் ஊர்ப் பூக்களை மட்டும் நடாமல், வந்த ஊரின் பூவையும் தேடி நட்டார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பெங்களூருச் சாலையும் சென்னைப் பட்டணமும்

செம்பரம்பாக்கம் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையின் மறுமுனையில் அத்தகைய மற்றொரு தோட்டம் உள்ளது. பெங்களூரு லால்பாக் தோட்டத்தை ஹைதர் அலி 1760ஆம் ஆண்டில் தொடங்கினார். அவருடைய மைந்தர் திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் தருவித்து அதனை விரிவுபடுத்தினார். 1799இல் அவர் ஷஹீதான பின்னர் அத்தோட்டம் ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று அது நாட்டின் முதன்மையான தாவரவியல் பூங்காக்களுள் ஒன்று.

சாலையின் இம்முனையில், சென்னையில், கும்பினியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780களின் இறுதியில் வேறொரு முயற்சியில் ஈடுபட்டார். ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கப்படும் சிவப்புச் சாயம் அக்காலத்தில் பெருவிலை பெற்றது. அப்பூச்சி வாழ்வது அமெரிக்கச் சப்பாத்திக்கள்ளியில். அதற்கெனச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் உருவாக்கப்பட்டது. சாயத் தொழில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஆனால் அந்நோக்கத்துக்காக நாட்டில் பரப்பப்பட்ட கள்ளி, தோட்ட வேலியைத் தாண்டிக் காடுகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் படர்ந்து உழவர்க்குப் பெருந்துன்பமாயிற்று. 1920களில் அதனையே உண்டு வாழும் மற்றொரு பூச்சியைத் தருவித்து விட்ட பின்னரே தென்னகத்தில் அது அடங்கிற்று.

1835இல் ராபர்ட் வைட் என்ற மருத்துவரின் முயற்சியால் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. அயல்நாட்டுப் பூச்செடிகள் பொதுமக்கள் இல்லங்களுக்குப் பரவ இத்தகைய அமைப்புகள் வாயிலாக அமைந்தன. இதே வைட், தென்னாட்டுத் தாவரங்களைத் தொகுத்து 1838 முதல் 1853 வரை வெளியிட்ட படநூல் வரிசை அறிவுலகில் மதிக்கப்படுவது. ரங்கய்யா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள் அப்படங்களை வரைந்தனர். அயல்செடியை வரவேற்ற கையே உள்ளூர்ச் செடியையும் தேடிப் பதிந்தது.

விருந்தாளியும் ஆக்கிரமிப்பாளரும்

மேற்கூறியவற்றைப் படிப்போர், அயல்செடி எதுவாயினும் ஏற்கலாம் என்ற முடிவுக்கு வந்துவிடலாகாது. கள்ளியின் கதை அதற்கு எச்சரிக்கை. அழகுக்காக வந்து அழிவு தந்த பல்லாண்டுச் செடிகள் வேறும் உண்டு. அமேசான் நதிப்படுகையின் ஆகாயத்தாமரை, அதன் ஊதாப் பூவின் எழிலுக்காகவே நாடு நாடாகக் கொண்டு செல்லப்பட்டது. வங்காளத்தில் அது ஆறுகளையும் நெல்வயல்களையும் மூடியபோது, அதனை ஒழிப்பதற்கென்றே 1936இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. நம் அடையாற்றிலும் ஏரிகளிலும் ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் அதனை அகற்றும் பணி நடைபெறுவதைக் காண்கிறோம். வண்ணப் பூங்கொத்துகளுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு வந்த உண்ணிச்செடி, இன்று முதுமலை வரையுள்ள காடுகளில் புதராக மண்டிக் கிடக்கிறது.

நிலச்சம்பங்கியும் அயலது, ஆகாயத்தாமரையும் அயலது. முன்னது நட்ட பாத்தியில் நின்று மணம் தருகிறது. பின்னது அண்டை உயிர்களின் ஒளியையும் காற்றையும் பறிக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது பிறந்த இடமன்று. வந்த இடத்தில் நடந்துகொள்ளும் முறை. செடிக்கு இவ்வளவுகோல் நியாயமானது. மனிதருக்கோ, அவர் எங்கு பிறந்தார் என்பதைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது எந்த வகையிலும் நியாயமாகாது.

இம்மண்ணில் எதை நடலாம்?

செம்பரம்பாக்கம் பகுதியில் ஐப்பசி முதல் மார்கழி வரை பெருமழை; தாழ்வான மனைகளில் நீர் நாட்கணக்கில் நிற்கும். 2015ஆம் ஆண்டுப் பெருமழையின்போது எம் வீட்டு முற்றத்திலும் அவ்வாறே நின்றது. ஆசையாக வாங்கி வைத்த ஒட்டு ரோஜாக்கள் யாவும் வேரழுகி மடிந்தன. கல்வாழையும் விஷமூங்கிலும் எதுவும் நடவாதது போல் நிமிர்ந்து நின்றன. சித்திரையிலோ வெயில் நாற்பது பாகையைத் தொடும். ஆகவே இங்குத் தேரப்படும் செடி, வெள்ளத்தையும் வெயிலையும் ஒரே ஆண்டில் தாங்க வேண்டும்.

விற்பனை நிலையங்களுக்குச் செடிகள் பெரும்பாலும் ஆந்திரத்துக் கடியம் பகுதியிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் லாரிகளில் வருகின்றன. பெங்களூரு கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். அக்குளிர்ச்சியில் பூத்துக் குலுங்கும் ஜெரேனியம், ஹைட்ரேஞ்சியா போன்றவற்றை இங்குக் கொணர்ந்தால் சில வாரங்கள் பூத்துவிட்டுக் கோடையில் கருகும். அரிதாக இருப்பதனாலேயே ஒரு செடியை வாங்குவது, பெயரைக் கேட்டே ஒரு செடியை ஒதுக்குவதற்கு இணையான பிழை. இரண்டிலும் நாம் செடியைப் பார்ப்பதில்லை.

அரியது வேண்டுவோர் அண்மையிலேயே தேடலாம். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளை எத்தனை வீடுகளில் காண்கிறோம்? மழைக்காலத்தில் கொடியேறி, மஞ்சளும் சிவப்புமாகத் தீநாக்குகள் போல் மலரும். பின்னர் முற்றிலும் காய்ந்து மறையும். மடிந்துவிட்டது என்று பலரும் தொட்டியைக் கவிழ்த்துவிடுவர். கிழங்கு மண்ணுக்குள் உறங்குகிறது. அடுத்த மழைக்கு எழும். அதன் உடல் முழுதும், சிறப்பாகக் கிழங்கு, கொடிய நஞ்சு. குழந்தைகளும் ஆடுகளும் உள்ள வீட்டில் எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும். அந்நஞ்சே அளவறிந்து கொடுத்தால் கீல்வாதத்துக்கு மருந்தாகிறது. யூனானி மருத்துவர்கள் மூட்டு வலிக்குத் தொன்றுதொட்டுக் கையாளும் 'சூரின்ஜான்' கிழங்கில் உள்ளதும் அதே வேதிப்பொருள்தான்.

மார்கழிப் பனியில் பூக்கும் டிசம்பர் பூவும், தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட கனகாம்பரமும் தண்டையோ விதையையோ நட்டாலே வளர்பவை. மேட்டு நிலமாயின் ஆவாரை நீரின்றியும் பொன்னிறமாகப் பூக்கும். வேலியில் படரும் சங்குப்பூ, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாதலின் மண்ணுக்கு உரமும் சேர்க்கும். நீர் தேங்கும் மூலையில் விஷமூங்கில் வெண்பூக்களை மாலையில் விரிக்கும். அதன் கிழங்கும் உண்ணத்தகாதது. சட்டியில் நீர் நிரப்பி ஆம்பலை வளர்ப்போரும் உளர். அயலவற்றுள் நிலச்சம்பங்கிக்கு நீர் வடியும் மேட்டுப்பாத்தி அமைத்தால் போதும்.

பூந்தமல்லி பழங்காலந்தொட்டே பூவோடு தொடர்புடைய ஊர். இராமானுசரின் காலத்தவரான திருக்கச்சி நம்பிகள் அங்கு நந்தவனம் அமைத்துக் காஞ்சிக்குப் பூ எடுத்துச் சென்றதாக வைணவ மரபு கூறும். செம்பரம்பாக்கம் என்ற பெயரிலும் செம்பரத்தையின் ஓசை கேட்பதாகச் சிலர் சொல்லக்கூடும். ஓசை ஒற்றுமையை மட்டும் கொண்டு ஊர்ப்பெயருக்குப் பொருள் காண்பது ஆய்வாகாது. பெயர் பிறப்புக்குச் சாட்சியாகாது என்று மேலே கண்ட விதி இங்கும் பொருந்தும். ஆயினும் ஒரு வீட்டு வாசலில் செம்பரத்தை நடுவதற்கு ஊர்ப்பெயரின் சான்று எதற்கு? அச்செடிக்கும் லின்னேயஸ் சூட்டிய பெயர் 'சீன ரோஜா' என்பதே.

நிறைவாக

ஒருவர் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது நட்டவருக்கு ஸதகாவாகும் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை நாம் அறிவோம். பூச்செடியும் அதற்குப் புறம்பானதாகத் தோன்றவில்லை. தேனீயும் தேன்சிட்டும் அதனை நாடி வருகின்றன. அவை பெயர்ப்பலகையைப் படிப்பதில்லை.

மாணவரிடம் மேற்கண்டவற்றை எடுத்துரைத்தேன். இரு வாரங்களுக்குப் பின் அவர் தனியே அக்கடைக்குச் சென்று, செங்காந்தள் கிழங்கு இரண்டையும் டிசம்பர் பூச்செடிகள் சிலவற்றையும் வாங்கினார். கூடவே துலுக்கச் சாமந்தியும் நான்கு. அதன் வேர் தக்காளிச் செடியைத் தாக்கும் நூற்புழுக்களைக் குறைக்கும் என்று நான் சொல்லியிருந்தேன். கொல்லையில் தக்காளி வைத்திருந்தார்.

தை மாதத்தில் அவர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது சாமந்தி காய்ந்து விதை முற்றியிருந்தது. அடுத்த வீட்டில் குடியிருப்போர் பீகாரிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பத்தினர். அவ்வீட்டுப் பெண்மணி வேலியோரம் வந்து நின்று, அப்பூவைக் காட்டி, "கேந்தா, கேந்தா" என்று விதை கேட்டார். மாணவர் ஒரு கைப்பிடி விதையைத் தாளில் மடித்துக் கொடுத்தார். "இங்கே இதுக்குப் பேரு துலுக்கச் சாமந்தி அக்கா" என்றும் சொன்னார். அப்பெண்மணி அச்சொல்லைத் திக்கித் திக்கி ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விதையுடன் உள்ளே சென்றார்.